கிளிநொச்சியில் ஒற்றை அறை வாடகை வீடு: பழைய சாமான்களை வைத்து வடிவாக்க முடியுமா?

தங்கச்சி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ஆசிரியர் நியமனம் கிடைத்துக் கிளிநொச்சிக்கு வந்திருக்கிறீர்கள். ஒரு வீட்டோடு ஒட்டிக் கட்டிய அனெக்ஸ். 10க்கு 12 அடி அறை ஒன்று, முன்னுக்குச் சின்ன விறாந்தை, பின்னுக்குக் குசினி. மேலே அஸ்பெஸ்டஸ் சீற். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். அட்வான்ஸ் கட்டியது போகக் கையில் 40,000 ரூபா இருக்கிறது. பாவித்த சாமான்களை வைத்தே அந்த அறையை ஒரு வீடு மாதிரி ஆக்க முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியும். எனக்குத் தொழில் பழைய தளபாடம் திருத்துவது. அப்பாவும் தச்சு வேலைதான். போர் முடிந்து மீள்குடியேறி வந்ததற்குப் பிறகு நானே ஏழு வாடகை வீடு மாறியிருக்கிறேன். ஒவ்வொரு வீடு மாறும்போதும் எதை ஏற்றினேன், எதை விட்டுவிட்டு வந்தேன் என்பதில் படித்ததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ஒரு சாமானை வாங்குவதற்கு முன் அது அடுத்த வீட்டுக்கும் வருமா என்று பாருங்கள். இந்த அறையின் மூலைக்கென்று அளந்து அடித்த ராக்கை, சுவரில் ஒட்டுகிற பூத்தாள், நிலத்தில் ஒட்டுகிற விரிப்பு எல்லாம் கடைசியில் வீட்டுக்காரருக்குத்தான் சேரும். கழற்றிச் சுருட்டிக் கட்டி ஒரு சின்னப் பட்டா லொறியில் ஏற்றக்கூடியது மட்டும்தான் உங்களுடையது.

முதல் கிழமை ஒன்றும் வாங்க வேண்டாம். ஒரு பாய், ஒரு தலையணை, சமைக்க இரண்டு சட்டி போதும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்னேரம் இரண்டு மணிக்கு அறைக்குள் நில்லுங்கள். எந்தச் சுவர் சுடுகிறது, எந்த யன்னலால் காற்று வருகிறது, வெயில் எதுவரைக்கும் உள்ளே வருகிறது என்று பாருங்கள். மேற்குப் பக்கச் சுவரோடு கட்டிலைப் போட்டால் இரவு பத்து மணிக்கும் அந்தச் சூடு முதுகில் தெரியும். அந்தச் சுவரை விட்டுக் கட்டிலைத் தள்ளிப் போடுங்கள். வடிவு எல்லாம் அதற்குப் பிறகு.

சூட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளிநொச்சி இருக்கிற இந்த வன்னியில் ஒரு அறை வடிவாக இருக்கிறது என்றால் முதலில் அதற்குள் இருக்க முடிய வேண்டும். அஸ்பெஸ்டஸ் சீற்றுக்குக் கீழே மட்டை அடித்து சீலிங் போட உங்களுக்கு உரிமை இல்லை. காசும் போதாது. ஆனால் நல்லது கெட்டதுக்கு எங்கள் வீடுகளில் கூரைக்குக் கீழே வெள்ளைத் துணி கட்டுவது உங்களுக்குத் தெரியும்தானே. அதையே செய்யுங்கள். சீற்றைத் தாங்கும் மரங்கள் கண்ணுக்குத் தெரியும். அவற்றைச் சுற்றி நைலோன் கயிறு போட்டு, பழைய வெள்ளை வேட்டி இரண்டு மூன்றைப் பக்கத்துக்குப் பக்கம் தைத்து, அந்தக் கயிற்றில் தளர்வாகத் தொங்க விடுங்கள். ஒரு ஆணியும் தேவையில்லை. சீற்றில் இருந்து நேராக இறங்கும் அனல் குறையும். மேலே இருந்து விழும் தூசியும் பல்லி எச்சமும் துணியிலேயே நிற்கும். மாதத்துக்கு ஒருக்கால் கழற்றித் தோயுங்கள். இரண்டு விசயத்தில் மட்டும் கவனம். துணி மின்குமிழிலும் வயரிலும் படக்கூடாது, காற்றாடிக்குப் பக்கத்திலும் வரக்கூடாது. அஸ்பெஸ்டஸ் சீற்றில் துளை போடவும் கூடாது, அதைச் சுரண்டவும் கூடாது. அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது.

யன்னல் சீலைக்குக் கடைக்குப் போக வேண்டாம். அம்மாவிடம், அன்ரிமாரிடம் உடுத்து அலுத்த பருத்திச் சீலை இரண்டு கேளுங்கள். ஒரு சீலை ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் நீளம், ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் கூடிய அகலம். அதை வெட்டாதீர்கள். நடுவில் மடித்துக் கம்பியில் போட்டால் இரண்டு பக்கமும் இரண்டே முக்கால் மீற்றர் விழும். கதவு வாசலுக்கு அது தாராளம். யன்னலுக்கு மிச்சத்தை உள்ளே மடித்து நாலு தையல் போடுங்கள். இரட்டைத் துணியாக விழுவதால் மேற்கு வெயிலுக்கும் நல்லது. கம்பிக்கு ஆணி தேவையில்லை. யன்னல் கிறிலின் மேல் கம்பியில் துணி நாடாவால் முடிந்துவிடலாம்.

வெட்ட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு என் வீட்டில் ஒரு காரணம் இருக்கிறது. 2009இல் போருக்குள் பங்கருக்கு (பதுங்குகுழிக்கு) மண்மூட்டை தைக்க அம்மாவின் சீலைகளைத்தான் வெட்டினோம். கூறைச் சீலையும் அதில் போனது. அதற்குப் பிறகு அம்மா எந்தச் சீலையிலும் கத்தரிக்கோல் வைக்க விடவில்லை. அதனால் மடித்துத் தைக்கப் பழகினேன். பிறகு பார்த்தால், வாடகை வீட்டில் இருப்பவருக்கு அதுதான் சரியான முறை. தையலைப் பிரித்தால் அது திரும்பவும் முழுச் சீலை. அடுத்த வீட்டு யன்னல் எந்த அளவில் இருந்தாலும் பொருந்தும்.

இனி எங்கே வாங்குவது. ஏ9 வீதியோரமாகப் பழைய இரும்புக் கடைகள் இருக்கின்றன. கட்டில் சட்டம், யன்னல் கிறில், தையல் மெசின் கால், தகரப் பெட்டி எல்லாம் அங்கே கிலோக் கணக்கில் கிடக்கும். உருக்கப் போகிற இரும்பின் விலையில் கேளுங்கள், தளபாட விலையில் கேட்காதீர்கள். மரக்காலைகளில் அறுத்து மிஞ்சிய துண்டுப் பலகை கிடைக்கும். அரச அலுவலகங்களில் கழித்த மேசை, கதிரை, இரும்பு அலுமாரி ஏலத்துக்கு வரும். அறிவித்தல் பலகையில் ஒட்டியிருப்பார்கள். ஆசிரியரான உங்களுக்கு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம் அதை ஒருக்கால் பார்ப்பது சுகம். வெளிநாடு போகிற குடும்பங்கள், அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போகிற தொண்டு நிறுவனங்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் விற்பார்கள். இந்தச் சேதி பேஸ்புக்குக்கு வருவதற்கு முன்னமே சந்திக் கடையில் தெரிந்துவிடும். கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள்.

வெளிக்கிடுகிற குடும்பத்திடம் வாங்கும்போது அடிமட்ட விலைக்கு இறுக்க வேண்டாம். கேட்ட விலையில் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள், போதும். அந்த மேசையில் பிள்ளை படித்திருக்கும். இதைவிட முக்கியமான இன்னொன்று: கதவு, யன்னல், நிலை என்று தனியாக யாராவது விற்றால் எங்கே கழற்றியது என்று கேளுங்கள். மீள்குடியேற வந்தபோது எத்தனை பேருடைய வீட்டில் கூரையும் இல்லை, கதவும் இல்லை, யன்னலும் இல்லை. அந்த வலி தெரிந்த ஊர் இது. இடித்த வீடு எது, வீட்டுக்காரர் யார் என்று சொல்லத் தயங்குகிறவரிடம் ஒரு கொண்டியும் வாங்காதீர்கள். பலகையாக ஏற்றுவதென்றால் அனுமதிப்பத்திரம் யார் எடுப்பது என்றும் லொறி பிடிப்பதற்கு முதல் பேசிவிடுங்கள்.

மரம் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. ஒரு பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள். முதிரை, பாலை இரண்டும் எங்கள் காட்டு மரம். தூக்கினால் கை சொல்லிவிடும், அவ்வளவு பாரம். முதிரை மஞ்சளாக, பட்டுப் போல மினுங்கும். பாலை சிவந்து கறுத்திருக்கும். இரண்டும் உங்கள் காலத்துக்குப் பிறகும் நிற்கும். தேக்கு அவ்வளவு பாரம் இல்லை, ஆனால் நம்பி வாங்கலாம். மலிவாக வரும் ரப்பர் மரத் தளபாடத்தில் உளு விழும். கால்களுக்குக் கீழே, இழுப்பறைக்கு உள்ளே புதிதாக மாப்போல தூள் கொட்டியிருந்தால் புழு இன்னும் உள்ளே இருக்கிறது. வெறும் பழைய துளைகள் மட்டும் இருந்து தூள் இல்லை என்றால் பயமில்லை. பெயின்ற் அடித்து மறைத்திருந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கத்துக்கு ஒருவரும் பெயின்ற் அடிப்பதில்லை. வேப்பெண்ணெய் பூசினால் போய்விடும் என்பார்கள். அது மேலால் நிற்கும், உள்ளே இருக்கும் புழுவுக்கு எட்டாது.

வன்னியில் வாங்குகிற மரத்துக்கென்று ஒரு சோதனை இருக்கிறது. பையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். பழைய ஸ்பீக்கரில் கழற்றியது போதும். பலகை, நிலை, பனஞ்சிலாகை எதுவானாலும் அரிவதற்கு முன் காந்தத்தை மெதுவாக மேலால் இழுங்கள். ஆணி இல்லாத இடத்தில் அது பிடித்தால் உள்ளே போர்க்காலத்துச் செல் (எறிகணை) துண்டு இருக்கலாம். என் அப்பாவின் சீவுளி அலகு அப்படித்தான் போனது. துண்டு இருக்கிற பலகை கூடாத பலகை இல்லை. அந்த இடத்தில் வாள் வைக்காமல் முழுதாகப் பாவிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டிலை விட்டால் நீங்கள் வாங்க வேண்டிய ஒரே பெரிய மரச் சாமான் மேசை என்று நினைக்கிறேன். கொப்பி திருத்துவீர்கள், சாப்பிடுவீர்கள், லப்டொப் வைப்பீர்கள். அதைச் செய்கிற விதத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பழைய சிங்கர் தையல் மெசினின் வார்ப்பிரும்புக் கால் ஒன்று தேடுங்கள். மெசின் போய்விட்டால் காலுக்கு மதிப்பு இல்லை என்று இரும்புக் கடையில் எறிந்திருப்பார்கள். வாங்கும்போது காலை நிலத்தில் வைத்து ஆட்டிப் பாருங்கள், வார்ப்பிரும்பு வெடித்திருந்தால் ஒட்டுவது கடினம். வெளியில் வைத்து மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் கொண்டு துருவை எடுத்துவிட்டு, துடைத்து, கறுப்பு எனாமல் ஒரு பூச்சு. மிதியைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் இரவில் கால் பட்டால் சக்கரம் சுற்றும். மிதி நல்ல கால் வைக்கும் பலகை, அதை விட்டுவிடலாம்.

மேல் பலகைக்குப் பழைய யன்னல் கதவு ஒன்று அல்லது ஒற்றைப் பலகை. முழு வாசல் கதவை இந்தக் காலில் போடாதீர்கள், ஒரு பக்கம் கை ஊன்றினால் சரிந்துவிடும். நாலு அடிக்குள் இருக்கட்டும். பள்ளம் மேடு வைத்த கதவில் எழுத முடியாது, தட்டையான பலகைக் கதவுதான் வேண்டும். பழைய பெயின்ற் இருந்தால் காய்ந்தபடி தேய்க்காதீர்கள். அந்தக் காலத்துப் பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தொட்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு, வெளியில் வைத்துத் தேயுங்கள். தேய்த்த கழிவைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். பிறகு காய்ந்த நாளில் தேன்மெழுகு. காட்டுத் தேன் எடுப்பவர்களிடம் மெழுகு வாங்கலாம். ஒரு பங்கு மெழுகைச் சுடுதண்ணீருக்குள் பாத்திரம் வைத்து உருக்குங்கள். அடுப்பை நூர்த்துவிட்டு, தூரத்தில் கொண்டுபோய் இரண்டு மூன்று பங்கு ரேர்பன்ரைன் சேருங்கள். ஆறினால் களிம்பாக வரும். துணியில் எடுத்து மர ரேகை போகிற பக்கமாகத் தேயுங்கள். அரை மணித்தியாலத்தில் வேறு துணியால் துடையுங்கள். முதிரை என்றால் அந்த நேரம் உள்ளே இருந்து மஞ்சள் எழும்பி வரும். இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன், இன்றைக்கும் அந்த நிமிடத்துக்காகக் காத்திருப்பேன். தேங்காய் எண்ணெய் மட்டும் பூசாதீர்கள். அது காயாது, தூசி பிடித்துப் பிசுபிசுக்கும்.

காலில் ஏற்கனவே நாலு துளை இருக்கும். அதிலே கீழிருந்து திருகாணி போட்டால் மேசை தயார். வீடு மாறும் நாளில் நாலு திருகாணியைக் கழற்றினால் பலகை வேறு, கால் வேறு.

கட்டிலுக்குப் பழைய மரச் சட்டம் வாங்கலாம். மெத்தை மட்டும் ஒருநாளும் பாவித்தது வாங்காதீர்கள், ஓசியில் தந்தாலும் வேண்டாம். மூட்டைப்பூச்சி வந்தால் அறையை விட்டுப் போக மாதக் கணக்காகும். கட்டில் சட்டத்தையும் வீட்டுக்குள் ஏற்றுவதற்கு முன் பொருத்துகளில் கொதிதண்ணீர் ஊற்றி, இரண்டு நாள் நல்ல வெயிலில் விடுங்கள். குஷன், துணி சாமான் என்றால் கறுப்புப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டி மத்தியான வெயிலில் வையுங்கள். உள்ளே 50 பாகை செல்சியஸ் தாண்டினால் பூச்சியும் முட்டையும் செத்துவிடும். கட்டிலுக்குக் கீழே ஒரு றங்குப்பெட்டி. உடுப்பு, பத்திரங்கள், சான்றிதழ் எல்லாம் அதற்குள். ஆட்கள் வந்தால் இழுத்து மேலே பன்பாய்த் துண்டு ஒன்றைப் போட்டால் தேத்தண்ணி வைக்கிற மேசை.

அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த அலுமாரிகள் மலிவாக வரும். மாரி மழை தொடங்க அடிப்பகுதி உப்பிவிடும். அதைவிடத் துருப்பிடித்த இரும்பு அலுமாரி எவ்வளவோ மேல். அதை அறைக்குக் குறுக்கே வைத்தால் படுக்கும் இடம் வேறு, இருக்கும் இடம் வேறு என்று பிரியும். முதுகுப் பக்கம் வெளியே தெரியும், அங்கே ஒரு பழைய பன்பாயைத் தொங்க விடுங்கள். ஆணி அடிக்காத சுவருக்குப் பதிலாக உங்களுக்கு ஒரு சுவர் கிடைத்துவிட்டது. படம், பிள்ளைகள் தந்த வாழ்த்து மட்டை எல்லாவற்றையும் பாயில் குண்டூசியால் குத்தலாம். அலுமாரி ஆடாமல் இருக்கக் காலுக்குக் கீழே மரத்துண்டு வைத்து மட்டம் பாருங்கள், பாரமானதை அடித்தட்டில் அடுக்குங்கள்.

வெளிச்சம்தான் மலிவில் பெரிய மாற்றம் தருவது. வெள்ளை ரியூப் லைற்றின் கீழே எந்த அறையும் அலுவலகம் போலத்தான் இருக்கும். மஞ்சள் வெளிச்சம் தரும் 5 அல்லது 7 வாற் எல்.ஈ.டி குமிழ் ஒன்று, அதற்கு மூடியாக ஒரு நீத்துப்பெட்டி. பனையோலையில் கூம்பாக இழைத்த அந்தப் பெட்டி புட்டு அவித்து அவித்துப் பழுப்பேறியிருந்தால் இன்னும் நல்லது. கூம்பு முனையில் குமிழ் தாங்கி போகிற அளவுக்குத் துளை. கீழே திறந்த பக்கம். ஓலை இழைப்பின் இடைவெளியால் வெளிச்சம் கசிந்து சுவரெல்லாம் கோடு கோடாக விழும். பழைய சூடாகும் குமிழ் போடக்கூடாது, ஓலை பற்றிவிடும். வயர் மட்டும் புதிதாக வாங்குங்கள். பழைய வயர், பழைய பிளக், பழைய ஹீற்றர் ஒன்றும் வேண்டாம்.

போத்தல்களை எறியாதீர்கள். 90களில் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெய் தட்டுப்பாடாக இருந்தபோது ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அதில் கொஞ்ச எண்ணெய் ஊற விட்டு விளக்குச் செய்தோம். அந்த வெளிச்சத்தில்தான் நான் சோதனைக்குப் படித்தேன். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. சிறுவர்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். உங்கள் அறையில் அதே ஜாம் போத்தலுக்குள் ஒரு கொடி மணிபிளான்ற். தண்ணீரை மூன்று நாளைக்கு ஒருக்கால் மாற்றுங்கள், டெங்கு நுளம்பு தேங்கிய தண்ணீர் ஒரு சிரட்டை இருந்தாலும் முட்டை இடும்.

இனிச் சொல்வதை வடிவு பற்றிய பேச்சாக எடுக்காதீர்கள். இரும்புக் கடையிலோ யாருடைய வீட்டிலோ பித்தளைச் செல் கோது, குண்டின் வால் போன்றவற்றைப் பூச்சாடியாக வைத்திருக்கக் காணலாம். மினுக்கினால் தங்கம் போல இருக்கும். வாங்க வேண்டாம், தொடவும் வேண்டாம். எது வெறும் கோது, எதற்குள் மருந்து இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல உங்களாலும் முடியாது, கடைக்காரராலும் முடியாது. ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற நிறுவனங்கள் வன்னியில் போர் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் கண்ணிவெடி அகற்றுகின்றன. பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கை இழந்தவர்களை எனக்குத் தெரியும். சந்தேகமாக ஒன்றைக் கண்டால் விலகி நின்று பொலிஸின் 119க்கு அடியுங்கள். வகுப்பிலும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

காசுக் கணக்கு: 40,000த்தில் பாதிக்கு மேல் படுக்கைக்கு வையுங்கள், புது மெத்தை அதில் பெரிய பங்கு எடுக்கும். கால்வாசி மேசைக்கும் ஒரு நல்ல கதிரைக்கும். பழைய மரக் கதிரையில் பிரம்பு அறுந்திருந்தால் பயப்படாதீர்கள், நைலோன் பின்னலாம். லொறிக் கூலிக்கு ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். மலிவு மேசையைத் தூரத்தில் வாங்கி, கூலியோடு கூட்டினால் புது மேசையின் விலை வந்துவிடும். ஒரு நடைக்கு இரண்டு மூன்று சாமானாகச் சேர்த்து ஏற்றுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் எல்லா மரச் சாமானையும் சுவரில் இருந்து நாலு விரல் தள்ளி வைத்துவிடுங்கள். கறையான் மண்கோடு சுவரில் ஏறினால் அப்போதுதான் கண்ணில் படும். ஏறி இருந்தால் துடைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் அன்றைக்கே சொல்லுங்கள், பிறகு உங்கள் அலுமாரியால் வந்தது என்று பேச்சு வரக்கூடாது. குடிபுகுந்த நாளிலேயே சுவர், நிலம், கதவு, பூட்டு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து அவருக்கும் அனுப்பி வைத்தால் இன்னும் நல்லது.

கடைசியாக இன்னொரு ஜாம் போத்தல். கட்டிலிலும் மேசையிலும் கழற்றுகிற ஒவ்வொரு திருகாணியும் கொண்டியும் அதற்குள் போகட்டும். எது எதனுடையது என்று கடதாசித் துண்டில் எழுதி உள்ளே போடுங்கள். என் மூன்றாவது வீடு மாறலில் நாலு போல்ற் தொலைந்து, பாலை மரக் கட்டில் ஒன்று ஐந்து மாதம் சுவரில் சாய்ந்து நின்றது. சிங்கர் கால் கிடைத்தால் படம் எடுத்து அனுப்புங்கள். வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.